கதாநாயகனுக்குப் பெயர் இல்லாதது குறித்து

அனுப்புநர்:
சீனி முகம்மது,
(பயணப்பெட்டி வியாபாரி, ஓய்வு),
சூலியா தெரு, ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
திருமதி முத்தம்மை ராம்நாத் அவர்கள்,
ஆசிரியர், அலைவாசல் பதிப்பகம்,
கோலாலம்பூர்.

பொருள்: என் மனைவி சலேஹா எழுதிய 'கொடிமலையில் கொடி ஏறும் நாள்' என்னும் சரித்திரக் காதல் நாவலும் அதன் கதாநாயகனும்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டவன் கிருபையில் இங்கே நானும் என் வீட்டாரும், முட்டுவலி நீங்கலாக, சுகம். தாங்களும் தங்கள் துணைவர் திரு. ராம்நாத் அவர்களும் பிள்ளைகுட்டிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாகக் கேட்டுக்கொண்டேன். முகம் பார்த்திராத ஒருவருக்காக நான் துஆ கேட்பது இதுதான் முதல் தடவை. காரியம் அப்படிப்பட்டது, கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலக்கியத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சூலியா தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் பயணப்பெட்டி விற்றேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர், படிக்கப் போகிற பிள்ளைகள், புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் போகிற பெண்கள் என்று எல்லாரும் என் பெட்டியைத்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என் ஆயுளில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தது பெட்டிக்குள் வைத்து வரும் உத்தரவாதச் சீட்டு மட்டும்தான். என் மனைவி சலேஹா ஆறேழு வருஷமாக, தினமும் சாயங்காலம், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து மகன் வாங்கிக்கொடுத்த மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருப்பாள். சமையல் குறிப்பு பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் குறிப்பு பார்த்தும் குழம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று லேசாகச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே, ஒரு நாவல் எழுதி முடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். நான், சரி, சோறு போடு என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் பதில் வந்தது. அதைத் திறந்து படித்தவள் எழுந்து போய் மீன் பொரித்தாள். மீன் கருகியது. எங்கள் வீட்டில் மீன் கருகி நான் பார்த்ததில்லை, அதனால் கிட்டே போய் என்ன என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். மொழி அழகாக இருக்கிறது, அந்தக் காலத்துப் பினாங்கு கண்முன்னே நிற்கிறது என்றெல்லாம் பெரிய மனசோடு எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழேதான் வினை. நானூறு பக்கத்திலும் கதாநாயகனுக்குப் பெயரே இல்லை, எங்கே பார்த்தாலும் 'அவர்' 'அவர்' என்றே இருக்கிறது, ஓர் அறையில் இரண்டு ஆண்கள் இருந்தால் எந்த அவர் எவர் என்று புரியவில்லை, சரித்திரக் காதல் படிக்கிற பெண்கள் நாயகன் பெயரைச் சொல்லித்தான் உருகுவார்கள், மாதக் கடைசிக்குள் ஒரு பெயர் வைத்து அனுப்பினால் புத்தகச் சந்தைக்கு அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் மன்னிக்கவும் என்று முடித்திருந்தீர்கள். நூற்றுக்கு நூறு நியாயம். நான் உங்கள் கட்சி. பெட்டிக்குக்கூட ஒரு பெயர் ஒட்டித்தான் விற்கிறோம், ஒரு பெயரை வைத்து அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவள், "அது முடியாதுங்க. உங்களுக்கு வெளங்காது" என்று சொல்லிவிட்டு, அச்செடுத்து வைத்திருந்த தாள்களையும் கணினியையும் என் கடைப் பெட்டி ஒன்றிலேயே போட்டு, எண் பூட்டைத் திருகி, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

என் கடைப் பூட்டு ஒன்றும் எனக்குப் பெரிய காரியம் இல்லை. காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவேன். ஆனால் அவள் பூட்டியதை நான் திறப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மேசை மூலை வெறிச்சென்று கிடக்கிறது. மூக்குக்கண்ணாடியைக்கூட உறைக்குள் போட்டுவிட்டாள். சாயங்காலமானால் டிவியைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, மனதில் உள்ளதைச் சொல்கிறேன், புத்தகம் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் திரும்ப அந்த மூலையில் வந்து உட்கார வேண்டும். இந்த நாவல் இப்படியே பெட்டிக்குள் போய்விட்டால் இனிமேல் உட்காரமாட்டாள், அந்தப் பயம்தான் எனக்கு. அதனால் அவளுக்குத் தெரியாமல் பெயர் விஷயத்தை நானே முடித்துவிடுவது என்று இறங்கினேன். இறங்கியது முதல் நடந்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

என் பழைய கடைக்கு எதிரே ஹைதர் டீக்கடை வைத்திருக்கிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், தெருவில் நடப்பது நடக்காதது எல்லாம் அவன் கடையில்தான் முதலில் தெரியும். அவனிடம் போய், ஒரு நல்ல ஆம்பளைப் பெயர் வேண்டும், பழைய காலத்துப் பெயராக இருக்க வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, ரகசியம் அல்லவா. அதுதான் தப்பாகப் போயிற்று. என் மகன் இர்வான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர், சிம்பாங் அம்பாட்டில் வீடு, இரண்டும் பெண் குழந்தைகள். இந்த வயதில் நான் ஆண்பிள்ளைப் பெயர் தேடினால் தெரு என்ன நினைக்கும். மஃரிப் தொழுகைக்குள் விஷயம் பள்ளிவாசலுக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பாட்டனார் பெயரையே வைக்கச் சொல்கிறார். பணமாற்றுக் கடை சாதிக்கும் அவன் தம்பியும் தங்கள் பாட்டனாரின் சரியான பெயர் எது என்பதிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா, பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயைக் கிராப் வாடகை வண்டியில் ஏற்றிச் சிம்பாங் அம்பாட்டுக்கே அனுப்பிவிட்டார். அது போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் மருமகள் போன் செய்து, "மாமி, நான் மாசமா இருக்கிறது எனக்கே தெரியாது, தெருவுக்கு எப்படி மாமி தெரிஞ்சுச்சு" என்று சலேஹாவிடம் கேட்டாள். சலேஹா போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜனங்கள் வேலை வெட்டி இல்லாமல் பேசுவதைக் கண்டித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று இர்வானிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கதை தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவன் அம்மா ஒரு பிரதியை அவனுக்கு ஏற்கெனவே அனுப்பி வைத்திருந்தாளாம், அவனும் எல்லா வீட்டு மகன்களையும் போல அதைத் திறந்து பார்க்கவில்லை. "இதுக்கா அத்தா இவ்வளவு கலாட்டா. ரெண்டு நிமிஷ வேலை லா. 'அவர்'ங்கிற எடத்துல எல்லாம் கம்ப்யூட்டரே பேரைப் போட்டுடும்" என்றான். சேர்ந்த பெயர்களில் இக்மல் என்பது சுருக்கமாகவும் பார்வைக்கு லட்சணமாகவும் இருந்ததால் அதையே கொடுத்தேன். மறுநாள் கத்தையாக அச்செடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். அம்மா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதையில் மரியாதைப்பட்ட ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் இக்மல் ஆகிவிட்டார்கள். 'கவர்னர் அவர்கள்' என்று இருந்த துரை 'கவர்னர் இக்மல்கள்' ஆகிவிட்டார். 'இக்மல் உள்ளே வந்தார், அவரைக் கண்டதும் இக்மல் எழுந்து நின்றார்' என்று ஓர் இடம். நிக்காஹ் நடக்கும் இடத்தில் பெண்ணின் அத்தா இக்மல், காஜியார் இக்மல், மாப்பிள்ளையும் இக்மல். கபூல் என்று சம்மதம் சொன்னது எந்த இக்மல் என்று எத்தனை தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை, மார்க்கப்படி அந்த நிக்காஹ் செல்லுமா என்பதே சந்தேகம். நீங்கள் சொன்ன குழப்பத்தை நாங்கள் தீர்த்து வைக்கப் போய் நூறு பங்காக ஆக்கி வைத்தோம்.

ஆகவே ஒரே வழிதான் மிச்சம். மாற்றாத பிரதியை மகனிடம் அச்செடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் முதலிலிருந்து படித்து, எந்த அவர் கதாநாயகன் என்று பென்சிலால் குறித்தாக வேண்டும். மகனுக்கு வேலை. மிஞ்சியது நான். ஹைதர் கடையின் கடைசி பெஞ்சில் தினமும் காலையில் போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நாவலைப் படித்தேன். நீங்கள் பெரிய படிப்பாளி, என் அபிப்பிராயம் உங்களுக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நம் தெருவிலேயே, வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில், துணி வியாபாரி மகள் மைமூன். நாகூரிலிருந்து சரக்கோடு வரும் கப்பலின் நாகுதா, அதுதான் கப்பல் தலைவர், இந்தப் பெயரில்லாத மனிதர். கடலில் போகிறவனுக்குப் பெண் கொடுத்தால் பெண் ஜன்னலுக்கு வாக்கப்பட்ட மாதிரி என்று தகப்பன் மறுக்கிறார். அப்புறம் எப்படியோ இறங்கி வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு மைமூன் மாடி ஜன்னலில் நின்று கொடிமலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏனென்றால் தூரத்தில் கப்பல் தெரிந்தால் மலை உச்சியில் கொடி ஏற்றுவார்களாம். கொடி ஏறுகிற பக்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹைதர் பார்த்துவிட்டான். வெங்காயத்தை உள்ளே வைத்து உரிக்கச் சொல்லு என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

ஆனால் கதாநாயகன் சரியில்லை. இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. கடலில் புயல் அடித்தால் சிங்கம், வீட்டுக்குள் வந்தால் மரக்கட்டை. எட்டு மாசம் கழித்து வீடு வருகிறார், மைமூன் தலைக்குப் பூ வைத்து, நல்ல சேலை உடுத்தி வாசலில் நிற்கிறாள், இவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்கிறார். எந்த ஊரில் எந்த நாயகன் இப்படிக் கேட்பான். அவள் சமைத்துப் போட்டால் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது, தட்டை மட்டும் மறுபடி முன்னால் தள்ளுவார். அவள் அழுதால் இவருக்குக் கைகால் ஓடாது. ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் தெரியாது, கிட்டே போகவும் தெரியாது, ஒரு ஓரமாக உட்கார்ந்து ரம்புத்தான் பழத்தை உரித்து உரித்து ஒரு தட்டு நிறைய அவள் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அச்சே துறைமுகத்துக்குப் போய் மிளகு ஏற்றிக்கொண்டு வருகிறாரே, அங்கிருந்து பெண்டாட்டிக்கு என்ன வாங்கி வருகிறார் தெரியுமா, பட்டா, பவளமா, ஒன்றும் இல்லை. ஒரு மரப்பெட்டி. நல்ல பூட்டுப் போட்டது என்று பெருமை வேறு. இதையெல்லாம் திருத்தியாக வேண்டும் என்று நான் ஒரு தாளில் குறித்து, இந்த மனிதர் நாலு இடத்திலாவது பாட்டுப் பாட வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், இப்படிப்பட்டவனை எந்தப் பெண் நானூறு பக்கத்துக்கு நேசிப்பாள் என்று எழுதி, உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஹைதரிடம் வாசித்துக் காட்டினேன்.

ஹைதர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "அண்ணே, போன பெருநாளுக்கு அக்காவுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?" என்றான். ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன், பெரிய சைஸ், நாலு சக்கரம், என்றேன். அக்கா எங்கே போகப் போகிறார் என்று கேட்டான். எங்கேயும் போகவில்லை, ஆனால் நல்ல பெட்டி, கீழே போட்டாலும் உடையாது, என்றேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "கப்பல் ஒண்ணுதான் அண்ணே உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டீ போடப் போய்விட்டான்.

அம்மா, அந்த பெஞ்சில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. டீ ஆறிப் போயிற்று. தாளைப் புரட்டிப் பார்க்கப் பார்க்க எல்லா அவரும் நானாக இருக்கிறேன். நான் திட்டின இடத்தை எல்லாம் மறுபடி படித்தேன். கூரையைக் கேட்ட இடத்துக்குக் கீழே, அவள் ஒழுகுகிற இடத்தைக் காட்டினாள், மழைக்கு முன்னால் அவர் ஏறி அடைத்தார் என்று இருக்கிறது. முதல் தடவை அது என் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் போனேன். சலேஹா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், தட்டில் ரம்புத்தான் உரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். "படிச்சிட்டீங்களா" என்றாள். கொஞ்சம் என்றேன்.

பிறகு நான் கேட்டேன், அந்த ஆளுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று. அவள் நெத்திலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேரு இருக்கு, எனக்குத் தெரியும். வாயால சொல்லாத பேரைக் கையால மட்டும் எப்படிங்க எழுதுறது" என்றாள். அப்படியென்றால் வேறு ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடு, கதைதானே என்றேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேற ஆம்பளை பேரை வச்சு நான் எப்படிங்க நானூறு பக்கம் குடும்பம் நடத்துறது" என்றாள்.

உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே உங்கள் வீட்டுக்காரர் பெயர் அச்சில் இருக்கிறது, அது உங்கள் வழக்கம், நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் சலேஹா என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளை பிறக்கும்வரை 'என்னங்க', பிறந்த பிறகு 'இர்வான் அத்தா'. கிளினிக்கில் தாதி கணவர் பெயரைக் கேட்டால் என் அடையாளக் கார்டை எடுத்து நீட்டுவாள். ஒரு தடவை பாசார் சந்தையில் நான் கூட்டத்தில் காணாமல் போனபோது, எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் இவள், "பெட்டிக் கடைக்காரர், பெட்டிக் கடைக்காரர்" என்று கூப்பிட்டு, எனக்குப் போட்டியாகக் கடை வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுடைய தாயார் சொல்லி வளர்த்தது. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று இமாமே சொல்லிப் பார்த்தார். இல்லாவிட்டால் நல்லது, ஆனால் எதற்கு வம்பு என்பது சலேஹாவின் கட்சி. ஓர் ஆளைப் பெயரில்லாமலே இத்தனை வருஷம் வைத்துக் குடும்பம் நடத்தியவளுக்கு நானூறு பக்கம் என்ன பிரமாதம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பதிப்பகத்தாருக்கு அது புரிய நியாயம் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். என் பெயரை அவள் எழுதக் கூடாதே தவிர, நான் எழுதலாம். ஆகவே, கதாநாயகன் வருகிற இடங்களில் அவர் என்பதை அடித்துவிட்டு, என் கையாலேயே 'சீனி முகம்மது' என்று எழுதிவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகு அவள் பார்த்தால் பார்க்கட்டும், இரண்டு நாள் பேசமாட்டாள், நான் உரிக்க வேண்டியதை உரித்து வைத்துக்கொள்கிறேன். சீனி என்கிற பெயர் கதாநாயகனுக்குக் கம்பீரமாக இல்லையே என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் 'நாகுதா சீனி முகம்மது' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பரவாயில்லாமல் இருக்கிறது. குணத்தையும் திருத்த வேண்டாம், நான் குறித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கப்பல் அச்சேயிலிருந்து திரும்பி வந்து பெட்டியை இறக்கி வைக்கிற இடம் வரைக்கும் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓர் அத்தியாயம்தான் பாக்கி. என்னைப் பற்றி நானே இன்னும் எவ்வளவு படிப்பது, கூச்சமாக இருக்கிறது, அதனால் தள்ளிப் போட்டிருந்தேன். மனிதர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார், இனி என்ன, மைமூனோடு சுகமாக வாழ்ந்தார் என்றுதான் இருக்கும். இன்று சாயங்காலம் அதையும் பார்த்துப் பெயரை நிரப்பி, இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.

தாங்கள் பெரிய மனசு வைத்து இதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தங்கள் வீட்டில் விளக்கு குறையாமல், பிள்ளைகள் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, திரு. ராம்நாத் அவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. என் மகன், மருமகள், பேத்திமார் எல்லாரும் தங்களுக்கு மரியாதையைச் சொல்லச் சொன்னார்கள். சலேஹாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது என்பதால் அவள் சார்பிலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
சீனி முகம்மது

பி.கு.: அம்மா, மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். தயவுசெய்து என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

கடைசி அத்தியாயத்தை நிரப்பப் பென்சிலோடு உட்கார்ந்தேன். நீங்கள் இதை முன்பே படித்தவர், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. நாகுதா மறுபடி கடலுக்குப் போகிறார். கொடிமலையில் கொடி ஏறவில்லை. மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வருகிறது, அவர் கொடுத்த பெட்டியை மைமூன் திறந்து திறந்து மூடுகிறாள், கொடி ஏறவே இல்லை. ஒருநாள் அவள் தன்னந்தனியாகக் கரைக்கு இறங்கிப் போய், கடலைப் பார்த்து, முதல் தடவையாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி காலி. அதோடு நாவல் முடிகிறது. நான் என்ன செய்வது, நிரப்பத்தானே உட்கார்ந்தேன், அந்தக் காலி இடத்தில் பென்சிலை வைத்தேன். சலேஹா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது. என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். "அந்த எடத்துல எழுதாதீங்க. நீங்க இருக்கிற வரைக்கும் அது காலியாத்தான் இருக்கணும்" என்றாள்.

எனக்கு வாழ்க்கையில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. இருவரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு அழிரப்பர் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து என் பெயரை அழித்தோம். அழிக்கும்போதே இந்தக் கடிதத்தையும் பார்த்துவிட்டாள், முழுக்கப் படித்தாள், ரம்புத்தான் இடத்தில் சிரித்தாள், அனுப்பலாம் என்றாள். உங்கள் குழப்பத்துக்கும் அவளே ஒரு வழி சொன்னாள். கவர்னர், காஜியார், மைமூனின் அத்தா, கப்பலில் உள்ள ஆட்கள், கதையில் மற்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெயர் வைத்துவிடுகிறாளாம். அப்போது மிச்சம் இருக்கிற ஒரே அவர், அவர்தான், யாருக்கும் சந்தேகம் வராது. அலமாரி மேலிருந்த பெட்டியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். இதை எழுதுகிற நேரத்தில் அவள் அந்த மூலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள் வந்துவிடும்.

கடைசி வரியை மட்டும் காலியாகவே அச்சடித்துவிடுங்கள். எனக்குச் சுகர் கொஞ்சம், முட்டுவலி கொஞ்சம், மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். அந்த வரி நிரம்ப இன்னும் ரொம்பக் காலம் ஆகும், புத்தகச் சந்தை அதுவரை காத்திருக்காது.